கொள்ளென்றால் வாய் திறக்கும்!

திண்டுக்கல் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஒரு காலத்தில் ஜட்கா வண்டிகள் வரிசையாக நிற்கும். ரயிலை விட்டு இறங்கிய குடும்பம், பெட்டி படுக்கை கூஜா சகிதம், ஒரு வண்டியைப் பேரம் பேசி ஏறிக்கொள்ளும். அடியில் வைக்கோல், அதன்மேல் ஒரு கோணிச் சாக்கு. எல்லோரும் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். "சாமி, கொஞ்சம் முன்னாலே தள்ளி உட்காருங்க!" என்பார். நாலு அடி போனதும், "தாயி, நீங்க கொஞ்சம் பின்னாலே நகருங்க!" என்பார். 'இதென்ன தொந்தரவு, காசையும் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியிருக்கிறதே!' என்று பாட்டி முணுமுணுப்பாள்.

வண்டிக்காரர் அப்படிச் சொன்னது ஏன் என்று நீங்கள் எப்போதாவது யோசித்ததுண்டா?

ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். பாரம் பின்னால் சாய்ந்தால் ஏர்க்கால் மேலே தூக்கிக்கொள்ளும். குதிரையின் வயிற்றைச் சுற்றியுள்ள வார் இறுகும். பாரம் முன்னால் சாய்ந்தால் அவ்வளவும் குதிரையின் முதுகில் இறங்கும். அந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. அங்கே பாரம் நின்றால் குதிரை இழுத்தால் போதும், சுமக்க வேண்டியதில்லை. அதைத்தான் வண்டிக்காரர் தேடிக்கொண்டிருந்தார். அவர் சௌகரியம் பார்த்தது நமக்காக அல்ல, குதிரைக்காக!

ஜட்காக்கள் போய் ஆட்டோக்கள் வந்துவிட்டன. ஆனால், குதிரை நம்மை விட்டுப் போய்விடவில்லை. ஊருக்குத் தெற்கே தெரிகிறதே சிறுமலை, அங்கே வண்டி போகாத தோட்டங்களிலிருந்து வாழைத்தாரையும் எலுமிச்சையையும் பலாவையும் சாலை வரை பொதி சுமந்து வருவது குதிரைதான். கொடைக்கானல் ஏரிக் கரையில் குழந்தைகள் சவாரி செய்வதும் குதிரைமீதுதான். ஆகவே, குதிரையைப் பற்றி வழக்கமாக எழும் சந்தேகங்கள் சிலவற்றை இங்கே பார்க்கலாமே!

குதிரை நின்றுகொண்டே தூங்குமா?

தூங்கும். அதன் பின்னங்காலில் முழங்கால் சில்லு ஒரு பூட்டைப் போல மாட்டிக்கொள்ளும். திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? பூட்டிக்கொண்டால் தசைகளுக்கு அதிக வேலை இல்லை. கீழே விழாமல் கண்ணயரலாம். புலியும் சிறுத்தையும் வந்தால் உடனே ஓட வேண்டிய பிராணிக்கு இயற்கை கொடுத்த வசதி இது.

ஆனால், இதை நம்பிக் குதிரையைக் குறுகலான இடத்தில் நிற்க வைத்தே வளர்ப்பது தவறு. நாளொன்றுக்கு மொத்தம் மூன்று மணி நேரம் தூங்கினால் குதிரைக்குப் போதும். அதில் அரை மணி நேரமாவது படுத்து உறங்க வேண்டும். ஆழ்ந்த கனவுத் தூக்கம் படுத்தால்தான் வரும். படுக்க இடமில்லாத குதிரை, பல நாள் பொறுத்துவிட்டு, ஒரு நாள் நின்ற நிலையிலேயே தள்ளாடி முழங்காலில் விழும்.

பல்லைப் பார்த்து வயது சொல்லலாமா?

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். காசு கொடுத்து வாங்கும் குதிரையைத் தாராளமாகப் பார்க்கலாம். முன்வரிசைப் பால் பற்கள் இரண்டரை, மூன்றரை, நாலரை வயதில் ஜோடி ஜோடியாக விழுந்து முளைக்கும். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும். அதன்பின் கீழ்ப் பற்களில் உள்ள குழிகள் ஆறு, ஏழு, எட்டு வயதில் வரிசையாகத் தேய்ந்து மறையும். பத்து வயதில் மேல்வரிசையின் ஓரப் பல்லில் ஈறை ஒட்டி ஒரு கோடு தோன்றும். இருபது வயதில் அது பல்லின் நுனி வரை இறங்கியிருக்கும். இது ஏறக்குறையத்தான், தீனியைப் பொறுத்துத் தேய்மானம் மாறும். நன்றாகப் பேணினால் குதிரை 25, 30 வருஷம் வாழும். இங்கிலாந்தில் 'ஓல்டு பில்லி' என்ற குதிரை 1760-லிருந்து 1822 வரை 62 வருஷம் வாழ்ந்ததாகப் பதிவு இருக்கிறது.

சுழி பார்ப்பது உண்மையா?

இந்தச் சுழி குடும்பத்துக்கு ஆகாது, அந்தச் சுழி ராஜயோகம் என்று சந்தையில் சொல்வார்கள். ஆடி மாதம் ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிப் பெரிய குதிரைச் சந்தை கூடும். அங்கே சுழி பார்க்காமல் கை நீட்டுகிறவர்கள் குறைவு. அதிர்ஷ்டம் இருக்கட்டும், சுழியால் வேறொரு பிரயோஜனம் உண்டு. ஒரு குதிரையின் சுழிகள் அமைந்திருக்கும் விதம் மற்றொன்றுக்கு அப்படியே அமைவது அரிது. அதனால் வைத்தியர்கள் அடையாளச் சீட்டில் சுழியைக் குறித்துக்கொள்கிறார்கள். வாங்குகிறவர்கள் சுழியைப் பார்க்கும் நேரத்தில் பாதியைக் குளம்பைப் பார்க்கச் செலவிட்டால் நஷ்டமே வராது!

அந்தச் சந்தையில் காதுகளைக் கவனியுங்கள். இரண்டு காதுகளின் நுனியும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்த்தால் அது ராஜஸ்தானத்து மார்வாரியாகவோ குஜராத்தின் காத்தியவாரியாகவோ இருக்கும். மணிப்புரிக் குதிரை போலோ ஆட்டத்துக்குப் பேர் போனது. ஸ்பிதி, ஜன்ஸ்காரி இரண்டும் இமயமலைப் பக்கம். நம் ஜட்காவில் பூட்டியவை பெரும்பாலும் மட்டக் குதிரைகள். கை என்பது நாலு அங்குலம்; கழுத்து முதுகோடு சேரும் மேட்டில் அளந்தால், பதினாலு கை இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தது மட்டம்.

லாடம் அடிக்கும்போது வலிக்காதா?

குளம்பின் வெளிச்சுவர் நம் நகத்தைப் போல; அதில் உணர்ச்சி இல்லை. ஆணி அந்தச் சுவருக்குள்ளேயே ஏறி வெளியே வந்துவிட்டால் வலியில்லை. கொஞ்சம் உள்ளே சாய்ந்தால் நகக்கண்ணில் ஊசி ஏறினாற்போல! கைதேர்ந்தவரிடம் போக வேண்டும் என்பது அதனால்தான். குளம்பு மாதம் கால் அங்குலத்துக்குமேல் வளரும். ஆகவே ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி கட்ட வேண்டும். 'லாடம்தான் தேயவில்லையே' என்று விட்டுவைத்தால் நடை கோணி, கால் கெடும். இன்னொரு விஷயம்: துருப்பிடித்த ஆணியோ முள்ளோ குத்திய குதிரைக்கு வில்வாத ஜன்னி சுலபமாக வரும். அதற்குத் தடுப்பூசி உண்டு. வந்தபின் பிழைப்பது கஷ்டம்.

கொள்ளு மட்டும் போதுமா?

இங்கேதான் மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மாட்டைப் போலக் குதிரை அசை போடாது. உடம்பைப் பார்த்தால் பெரிசு. இரைப்பையோ எட்டு முதல் பதினைந்து லிட்டர்தான். போதாக்குறைக்கு, குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தொண்டையைத் தாண்டியது தாண்டியதுதான். ஒரே வேளையில் தானியத்தைக் கொட்டித் தின்னவிட்டால் வயிற்றுச் சூலை வரும். குதிரை முன்காலால் தரையைச் சுரண்டும், திரும்பித் திரும்பி விலாவைப் பார்க்கும், வியர்த்துக்கொட்டும், படுத்துப் புரளும். அப்போது தீனியை எடுத்துவிட்டு உடனே கால்நடை வைத்தியரை அழைக்க வேண்டும். கைவைத்தியம் என்று எதையாவது வாயில் ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

புல்லும் வைக்கோலும் காய்ந்த தட்டையும்தான் குதிரையின் சாப்பாடு. நம் வானம் பார்த்த பூமியில் விளையும் கொள்ளு அதற்குக் கறி, கூட்டு மாதிரி. ஊறவைத்து வேகவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகக் கொடுக்க வேண்டும். தண்ணீர் நாளொன்றுக்கு 25 லிட்டருக்குக் குறையக் கூடாது. நம் ஊர் வெயிலில் இன்னும் அதிகமாகும். களைத்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக் கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது சரியல்ல. தண்ணீரை மறுப்பதுதான் ஆபத்து. இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டியது தானியத்தை. குதிரைக்கு உடம்பெல்லாம் வியர்க்கும்; வியர்வையோடு உப்பும் போய்விடும். ஆகவே, உப்புக்கட்டி ஒன்று நக்கக் கிடைக்க வேண்டும்.

இதெல்லாம் தெரியாமல் போனதால் ஒரு சாம்ராஜ்யத்தின் செல்வமே கரைந்த கதை நம் பாண்டிய நாட்டுக் கதைதான். குதிரை வாங்கப் போன மாணிக்கவாசகருக்காக இறைவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் உங்களுக்குத் தெரியும். சரித்திரத்திலும் பாண்டியர்கள் அரபு நாட்டுக் குதிரைகளைக் கப்பல் கப்பலாக வாங்கினார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் இங்கே வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, அரசர் வருஷத்துக்கு 2,000-க்குமேல் குதிரைகள் வாங்குவதாகவும், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்திருக்கிறார். கணக்கில் கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால், அவர் சொன்ன காரணத்தைப் பாருங்கள்: குதிரைகளுக்கு வேகவைத்த சோறும் இறைச்சியும் கொடுத்தார்கள், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இல்லை. குதிரை விற்ற வியாபாரிகளோ அப்படி ஒருவர் இந்தப் பக்கம் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு விலை!

ராஜாக்கள் அன்பில்லாமல் சோறு போடவில்லை. தாங்கள் சாப்பிடுவதையே கொடுத்தார்கள். அன்பு இருந்தது, விவரம் இல்லை, குதிரைகள் செத்தன. பின்னால் 1755-ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி போன்ற சேனாதிபதிகளின் பலமெல்லாம் குதிரைப் படைதான். அவர்களுக்குக் குதிரையின் வயிறு ராணுவ விஷயம்.

எவ்வளவு பாரம் ஏற்றலாம்?

இதற்குச் சட்டமே இருக்கிறது. பாரம் இழுக்கும், சுமக்கும் பிராணிகளுக்காக 1965-ல் மத்திய சர்க்கார் விதிகள் வகுத்தது. மட்டக் குதிரையின் முதுகில் 70 கிலோவுக்குமேல் ஏற்றக் கூடாது. ஒரு நாளில் ஒன்பது மணிக்குமேல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து மணி நேரத்துக்குமேல் ஓய்வில்லாமல் ஓட்டக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை குதிரைக்கு வேலையே கிடையாது. சித்திரை வெயிலில் திண்டுக்கல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை புரியும். முள் வைத்த கடிவாளமும் கூடாது.

முதுகில் பாரம் இரண்டு பக்கமும் சமமாகத் தொங்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் சேணம் நகர்ந்து தோலை உரிக்கும். புண் ஆறும் வரை குதிரைக்கு லீவு கொடுப்பதுதான் வைத்தியம். தினக்கூலிக்குப் பொதி ஏற்றுகிறவருக்கு அது எளிதல்ல. அவர் அடுப்பும் அந்த முதுகை நம்பித்தான் எரிகிறது. ஆனால், முதல் நாள் புண்ணுக்கு நாலு நாள் லீவு கொடுக்காதவர், பிறகு நாலு மாதம் கொடுக்க வேண்டி வரும்.

குதிரையால் நமக்கு இப்போது என்ன லாபம்?

உங்கள் வீட்டில் யாரும் குதிரை ஏற மாட்டார்கள். இருந்தாலும் ஒன்று கேளுங்கள். தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சப் போனவரைப் பாம்பு கடித்தால் ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்களே, அது எங்கிருந்து வருகிறது? நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கின் விஷத்தையும் துளித் துளியாகக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் ரத்தம் அதற்கு மாற்று மருந்தைத் தானே தயார் செய்கிறது. அந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்ததுதான் நம் நாட்டு விஷமுறிவு ஊசி. எத்தனையோ வீடுகளில் ஒரு உயிர் இருப்பது, முகம் தெரியாத ஒரு குதிரையால்!

அதற்குப் பதிலாக நாம் செய்யக்கூடியது என்ன? அடுத்த முறை கொடைக்கானல் ஏரிக் கரையில் குழந்தையைக் குதிரைமீது தூக்கி வைக்குமுன் ஒரு நிமிஷம் நில்லுங்கள். பின்பக்கமாகப் போகாதீர்கள், குதிரைக்கு ஏறக்குறைய நாலா பக்கமும் தெரியும், ஆனால் நேர் பின்னால் தெரியாது. பக்கவாட்டில் நின்று பாருங்கள். சேணத்தின் ஓரத்தில் புண் இருக்கிறதா? நடையில் நொண்டல் உண்டா? விலா எலும்பை எண்ண முடிகிறதா? கடைவாயில் ரத்தம் கசிகிறதா? ஏதாவது ஒன்று இருந்தால், "இந்தக் குதிரைக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறதே, அண்ணே; வேறொன்று கொண்டு வாருங்கள்" என்று தன்மையாகச் சொல்லுங்கள். நாலு பேர் அப்படிச் சொன்னால் அந்தக் குதிரைக்கு ஓய்வு கிடைக்கும்.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் என்று குதிரையைக் கேலி செய்வது நம் வழக்கம். குதிரையின் வாய்க்குள் முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லே இல்லாத ஓர் இடைவெளி இருக்கிறது, வெறும் ஈறு. கடிவாளத்தின் இரும்பு உட்காருவது அந்த ஈறின்மேல்தான். இனி அந்தப் பழமொழியைக் கேட்டால், குதிரையின் பக்கமும் நியாயம் இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றும்!