குறுந்தகடா, பென் டிரைவா?

குஜிலியம்பாறையில் உங்கள் வீட்டுத் திருமணம் நடந்தது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூடியோக்காரர் வீடியோவை முடித்துவிட்டு, "தகட்டில் போடவா, பென் டிரைவில் தரவா?" என்று கேட்கிறார். ஒரு பிரதி திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்குப் போக வேண்டும்; ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். நாளை இடம் போதாமல் அவர் தம் கணினியிலிருந்து அதை அழித்துவிட்டால், உங்கள் கையில் உள்ளதைத் தவிர வேறு பிரதி கிடையாது. என்ன பதில் சொல்வீர்கள்? இவை இரண்டும் செய்தியை எவ்வாறு பிடித்து வைத்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பதில் சொல்வது எளிது.

முதலில் தகட்டைப் பார்ப்போம். எழுதத்தக்க குறுந்தகட்டின் பெரும்பகுதி, ஏறத்தாழ 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். அதன்மேல் மெல்லிய சாயப் பூச்சு. அதற்கு மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் உலோகப் பூச்சு. எல்லாவற்றுக்கும் மேல் வார்னிஷ் போன்ற ஒரு காப்புப் பூச்சு. லேசர் கதிர் சாயத்தை இடம் விட்டு இடம் சுடுகிறது. சுட்ட இடம் ஒளியைக் குறைவாகத் திருப்பும்; சுடாத இடம் நன்றாகத் திருப்பும். இந்த வேறுபாட்டைத்தான் கருவி எண்களாகப் படிக்கிறது. சூளையில் வெந்த பானையை மறுபடி களிமண் ஆக்க முடியாதல்லவா? இதுவும் அப்படியே. (அழித்து எழுதும் தகடுகளும் உண்டு. அவற்றில் இருப்பது சாயமன்று, ஓர் உலோகக் கலவை.)

பலரும் பளபளக்கும் அடிப்பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுவார்கள். பெயர் எழுதும் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுவார்கள். ஆனால் குறுந்தகட்டின் சாயம் பெயர் எழுதும் பக்கத்தை ஒட்டியே இருக்கிறது! அடியில் விழும் சிறு கீறலைப் பிழைதிருத்தும் முறையால் கருவி சமாளித்துவிடும். மேலே விழும் கீறல் பூச்சையே உரித்துவிடும். டி.வி.டி.யில் சாயம் இரண்டு பிளாஸ்டிக் தகடுகளுக்கு நடுவே இருப்பதால் இந்த ஆபத்து குறைவு. வெயில் மட்டும் இரண்டுக்குமே பகை, சாயம் வெளுத்துவிடும்.

பென் டிரைவின் கதையே வேறு. அதனுள் இருக்கும் சில்லில் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் மின்கடத்தாப் பொருளால் சுவர் எழுப்பிய சிறை. அதற்குள் எலெக்ட்ரான்களை அடைத்தால் ஒரு செய்தி. வெளியேற்றினால் வேறொரு செய்தி. இந்த ஃபிளாஷ் நினைவகத்தைத் தோஷிபா நிறுவனத்தின் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்தார். 2000ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் நிறுவனம் இதை விரலளவுக் கருவியாக விற்கத் தொடங்கியது. அன்று அதன் கொள்ளளவு 8 மெகாபைட். ஒரு குறுந்தகட்டில் 700 மெகாபைட் அடங்கும். இன்று நிலை தலைகீழ். டி.வி.டி.யின் 4.7 கிகாபைட்டைப் போலப் பல மடங்கு சாதாரணப் பென் டிரைவிலேயே கொள்ளும்.

ஆனால் அழித்து எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தச் சிறைச்சுவர் சிறிது தேய்கிறது. எழுதாமல் சும்மா வைத்திருந்தாலும் எலெக்ட்ரான்கள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசியும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். தகரக் கூரையின் கீழே, பீரோவின் மேல்தட்டில் சித்திரை மாதத்தைக் கழிக்கும் பென் டிரைவின் கதியை எண்ணிப் பாருங்கள்.

இன்னொரு வேறுபாடு, பலர் கவனிக்காதது. எழுதி முடித்து மூடிய தகடு கொடுக்குமே தவிர எதையும் வாங்காது. பென் டிரைவ் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். ஜெராக்ஸ் கடைக் கணினியில் செருகினால், அங்குள்ள வைரஸ் அதில் ஏறி உங்கள் வீட்டுக்கே வந்து சேரலாம். 2010இல் கண்டறியப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சுநிரல், ஈரானின் நடான்ஸ் யுரேனியச் செறிவூட்டு நிலையத்தைக் குறிவைத்தது. இணையத்தோடு தொடர்பில்லாத கணினிகளுக்கும் அது பென் டிரைவ் வழியே தாவக்கூடியது. ஈரானுக்கு அடுத்தபடி இந்தோனேசியாவிலும் இந்தியாவிலும் அது மிகுதியாகக் காணப்பட்டது. எழுதும்போதே தகட்டில் வைரஸ் ஏறியிருந்தால் அதுவும் பரப்பும் என்பது உண்மைதான். ஆனால் வழியில் புதிதாக எதுவும் ஏறாது.

இனி ஸ்டூடியோக்காரருக்குப் பதில் சொல்லலாம். சித்தப்பாவிடம் முதலில் தொலைபேசியில் கேளுங்கள். இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தகடு போடும் இடமே கிடையாது. தொலைக்காட்சியிலோ பென் டிரைவ் செருகும் துளை உண்டு. ஆகவே அவருக்குப் பென் டிரைவே பொருத்தம். அதில் 16 கிகாபைட் காலியாக இருந்தும் வீடியோ ஏறவில்லையா? அது ஃபேட்32 முறையில் அமைந்திருக்கக் கூடும். அம்முறையில் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், வேண்டியதை முன்பே வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு டி.வி.டி. ஒன்றும் பென் டிரைவ் ஒன்றுமாக இரண்டையும் கேட்டு வாங்குங்கள். தகட்டை உறையிலிட்டு, இருட்டான, சூடில்லாத இடத்தில் நிறுத்தி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில் என்று வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டையும் ஓட்டிப் பாருங்கள். ஒன்று தடுமாறினால், மற்றது நன்றாக இருக்கும்போதே புதிய பிரதி எடுத்துவிடுங்கள். ஜெராக்ஸ் கடைக்கு அச்செடுக்கப் போகும்போது இந்தப் பென் டிரைவைக் கொண்டுபோகாதீர்கள். அதற்கென்று வேறொன்று வைத்துக்கொள்ளுங்கள்.