ஆளில்லாக் கடையின் கணக்கு

டென்மார்க்கின் சம்சோ தீவுக்குப் போய்வந்தவர்கள் தவறாமல் ஒரு கடையைப் பற்றிச் சொல்வார்கள். வயலோரத்தில் ஒரு மரத்தட்டு. அதில் அன்று தோண்டிய உருளைக்கிழங்கு. பக்கத்தில் காசு போட ஓர் உண்டியல். விற்க ஆள் கிடையாது. வேண்டியதை எடுத்துக்கொண்டு, எழுதியிருக்கும் விலையைப் போட்டுவிட்டுப் போகலாம். இதைக் கேட்டதும் நாம் சொல்வது ஒன்றுதான்: “அவங்க நேர்மையானவங்க, நம்ம ஊர்ல நடக்குமா?” ஏற்காட்டில் ஒரு டீயோடு உட்கார்ந்து, இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் கடையின் கணக்கு. டென்மார்க்கில் கூலி மிக அதிகம். நாளெல்லாம் ஓர் ஆளை உட்காரவைத்தால் அவருக்குக் கொடுக்கும் சம்பளம், தட்டில் இருக்கும் கிழங்கின் விலையைத் தாண்டிவிடும். இரண்டு பேர் காசு போடாமல் போனாலும் விவசாயிக்கு லாபம்தான். ஏற்காடு ஏரிக்கரையிலும் பகோடா பாயிண்டிலும் கொய்யாவும் மிளகும் விற்கும் அம்மாவின் கணக்கு வேறு. அந்தக் கூடைதான் அவருடைய அன்றைய வருமானம். நாலு பேர் ஏமாற்றினால் அன்றைய பாடு வீண். அதனால் அவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் டேனிஷ்காரர்களைவிட மோசமானவர்கள் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது.

ஆக, ஆளில்லாக் கடையை வைத்து ஒரு சமூகத்தின் குணத்தை அளக்கக் கூடாது. அப்படியானால் எதை வைத்து அளப்பது? நாம் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். ஒற்றுமையும் நம்பிக்கையும் சில மக்களுக்குப் பிறவியிலேயே வாய்த்தவை என்று எண்ணிக்கொள்கிறோம். டென்மார்க்கின் பழைய கதை அப்படிச் சொல்லவில்லை.

1864-இல் பிரஷ்யாவிடமும் ஆஸ்திரியாவிடமும் தோற்று, டென்மார்க் தன் தென்பகுதியை இழந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவிலிருந்து மலிவான தானியம் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்து இறங்கியது. தானியத்தை நம்பியிருந்த விவசாயிகள் தவித்தார்கள். வெண்ணெய்க்கு இங்கிலாந்தில் நல்ல விலை இருந்தது. ஆனால் நாலு மாடு வைத்திருப்பவர் தன் வீட்டில் கடையும் வெண்ணெய் ஒருநாள் ஒரு மாதிரி, மறுநாள் வேறு மாதிரி இருக்கும். கப்பலேற்றும் வியாபாரிக்கு ஒரே தரம் வேண்டும்.

அந்த நெருக்கடியில்தான், 1882-இல், மேற்கு ஜட்லாந்தின் ஹ்யெடிங் என்ற சிற்றூரில் முதல் கூட்டுறவுப் பால்பண்ணை தொடங்கியது. இந்தப் பண்ணைகளின் விதிகள் எளிமையானவை. வீட்டுத் தேவை போக மிச்சப் பால் முழுவதையும் சங்கத்துக்கே ஊற்ற வேண்டும். லாபம், ஊற்றிய பாலின் அளவுப்படி. வாக்கு மட்டும் ஆளுக்கு ஒன்று. நாற்பது மாடு வைத்திருப்பவருக்கும் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. எந்திரம் வாங்கிய கடனுக்கு எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. ஒருவர் கெட்ட பாலை ஊற்றினால் எல்லோருடைய வெண்ணெயும் கெடும் என்பதால் பாலைச் சோதித்தே வாங்கினார்கள். 

நம் தெரு ஏலச்சீட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபமாகப் புரியும். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம் வரை ஏன் கட்டுகிறார்? எல்லோரும் மகான்களா? மாதாமாதம் அதே முகங்களைப் பார்க்க வேண்டும். நோட்டு எல்லோர் முன்னாலும் திறந்திருக்கிறது. நாளைக்கு மகள் கல்யாணத்துக்கு அதே ஆட்களிடம்தான் போய் நிற்க வேண்டும். டேனிஷ் பால்பண்ணையும் அப்படித்தான் நடந்தது. ஏற்பாடு ஒழுங்காக ஓட ஓட, நம்பிக்கை சேர்ந்துகொண்டே போனது.

இந்த வழக்கம் நூறாண்டு கழித்துச் சம்சோவில் இன்னொரு விதமாக உதவியது. சுமார் நாலாயிரம் பேர் வாழும் அந்தத் தீவு, 1997-இல் அரசு நடத்திய ஒரு போட்டியில் வென்றது. வெளியிலிருந்து எரிபொருள் வாங்காமல், காற்றையும் வைக்கோலையும் வைத்துத் தன் தேவையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். காற்றாலை என்றதும் காட்சி கெடும், சத்தம் வரும் என்று அங்கும் முனகல் இருந்தது. அந்தத் தீவிலேயே விவசாயிக்குப் பிறந்து, ஆசிரியராக இருந்த சோரன் ஹெர்மன்சன் ஒவ்வொரு கூட்டமாகப் போய்ப் பேசினார். நிலத்தில் 11, கடலில் 10 என்று 2003-க்குள் காற்றாலைகள் நின்றன. சில விவசாயிகளுடையவை, சில சிறு பங்குதாரர்களுடையவை. கடலில் இருப்பவற்றில் பாதி நகராட்சியுடையவை. தன் பங்கும் இருக்கிறது என்றானபின் காற்றாலைச் சத்தம் முன்போல் உறுத்துவதில்லை.

இப்படிக் கூடிப் பேசவும் கணக்குக் கேட்கவும் டேனிஷ் விவசாயிகள் எங்கே கற்றார்கள்? கிருண்ட்விக் என்ற பாதிரியாரின் எண்ணத்தில் பிறந்த மக்கள் பள்ளிகளில். முதலாவது 1844-இல் ரோடிங்கில் திறந்தது. விவசாயிகளின் பிள்ளைகள் அங்கே தங்கி, சேர்ந்து சாப்பிட்டு, பாடி, விவாதித்தார்கள். தேர்வு கிடையாது. இந்த மரபில் வந்த ஆன் மேரி பீட்டர்சன் என்ற டேனிஷ் பெண்மணி நம் பரங்கிப்பேட்டையில் சேவா மந்திர் என்ற பள்ளியைத் தொடங்கினார். 1921-இல் காந்தி அதற்கு அடிக்கல் நாட்டினார்.

இனி ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குத் திரும்புவோம். இங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கு பல ஊர்கள் சேர்ந்த ‘நாடு’, அதற்குத் தலைவராகப் பட்டக்காரர் என்று சொந்த ஏற்பாடு நெடுங்காலமாக உண்டு. மலையுச்சிக் குகையில் சேர்வராயனுக்கும் காவேரியம்மனுக்கும் திருவிழா என்றால் சுற்றுக் கிராமங்கள் திரளும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் பலவும் இன்றும் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போட்டு, முடிந்ததும் வரவு செலவை எல்லோர் முன்னும் வாசிக்கின்றன. பண்ணையார் வீடானாலும் குடிசையானாலும் ஒரே வரி. சம்சோக்காரர்களின் பழக்கத்துக்கு இது அந்நியமில்லை. வித்தியாசமும் உண்டு: ஊர்ப்பெரியவர் பதவி பல இடங்களில் வழிவழியாக வருகிறது, பெண்கள் குரல் கணக்கில் வருவதில்லை. கூட்டுறவில் தலைவரை மாற்றலாம்.

அதனால் ஒரு சங்கமோ ஊரோ எப்படிப்பட்டது என்று அறிய மூன்றே கேள்வி போதும். வாக்கு யாருக்கு? கணக்கு யார் முன்னால் திறக்கிறது? நஷ்டம் வந்தால் யார் தலையில்? இந்த மூன்றையும் கேட்கச் சட்டமே நமக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறது: குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாட்களில் கூடும் கிராம சபை. அங்கே வரவு செலவு வாசிக்கும்போது ஒரு வரியில் நிறுத்தி, “இது எதுக்குச் செலவாச்சு?” என்று கேட்பவர், பால்பண்ணைக் கூட்டத்தில் அந்த விவசாயிகள் செய்ததையே செய்கிறார்.