பொன் தேனீயில் பற்றாசு எங்கே?

கிரீட் தீவில், மாலியா அரண்மனைக்கு அருகே ஒரு பழைய இடுகாட்டில் கிடைத்த பதக்கம் அது. வயது 3,700 ஆண்டுக்கும் மேல். இரண்டு பொன் தேனீக்கள் எதிரெதிரே நின்று, வட்டமான தேனடை ஒன்றை அணைத்திருக்கின்றன. அடையின் மேல் மணல் போலப் பொடிப் பொன்மணிகள். என்ன நுணுக்கம்!

சாதாரணப் பற்றாசு வைத்தால் உருகி வழிந்து மணிகளை மூழ்கடித்துவிடும். பிறகு எப்படி ஒட்டுவது?

செம்புத் தாதுப் பொடியைப் பசையில் குழைத்து, மணிகளைப் பதித்துச் சூடேற்றினால் போதும். பசை கரியாகும், கரி, தாதுவின் ஆக்ஸிஜனைப் பறித்துக்கொள்ளும். விடுபட்ட செம்பு, மணி தொடும் இடத்தில் மட்டும் பொன்னோடு கலக்கும். தூய பொன் உருக 1,064 டிகிரி செல்சியஸ் வேண்டும். செம்பு கலந்த புள்ளியோ சுமார் 900 டிகிரியிலேயே இளகிப் பிடித்துக்கொள்ளும். மணியின் உருண்டை குலையாது.

மறந்துபோயிருந்த இந்த வித்தைக்கு, லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் 1933-இல் காப்புரிமை பெற்றார். பதக்கம் இப்போது ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.