புத்தூர்க் கட்டும் விலங்கின் மருத்துவமும்

திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியில் அமைந்துள்ள புத்தூர், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் ஊராகத் தென்னிந்தியா முழுவதும் அறியப்பட்டதாகும். இவ்வைத்தியத்தின் தோற்றம் குறித்து ஒரு மரபுக் கதை வழங்குகிறது. 1881-ஆம் ஆண்டில் கேசவ ராஜு என்பவர் வேட்டையில் கிடைத்த முயலைத் தழைகளில் சுற்றி வைத்தார் என்றும், பின்னர் பிரித்துப் பார்த்தபோது அதன் முறிந்த எலும்பு பொருந்தியிருக்கக் கண்டார் என்றும் கூறுவர். உயிரற்ற உடலில் எலும்பு கூடுவதில்லை. ஆதலின் கதையை அப்படியே ஏற்பதற்கில்லை. எனினும், மனிதன் மருத்துவத்தை விலங்கினிடமிருந்து கற்றான் என்ற நம்பிக்கை அதில் பொதிந்துள்ளது. அந்நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரமும் உண்டு.

1937-இல் ஆசிய வாலில்லாக் குரங்குகளை ஆராயச் சென்ற குழுவினர் தாய்லாந்துக் காடுகளிலிருந்து கிப்பன்களின் எலும்புக்கூடுகளைத் திரட்டினர். அவற்றை ஆராய்ந்த அடால்ஃப் ஷுல்ட்ஸ், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் எலும்பு முறிந்து கூடிய அடையாளங்களைக் கண்டார். மரத்திலிருந்து விழுந்த இக்குரங்குகளுக்குக் கட்டுப் போட்டவர் எவருமில்லை. முறிந்த இடத்தில் குருதி உறைந்து, அதில் மென்மையான இணைப்புத் திசு வளர்ந்து, பிறகு அது எலும்பாக இறுகுகிறது. வலியே விலங்கை அசையாதிருக்கச் செய்கிறது. காயமுற்ற காலை அது ஊன்றுவதில்லை. நோயுற்ற விலங்கு உணவை மறுத்து ஒடுங்கிக் கிடப்பதும் பலவீனமன்று, நோயை எதிர்க்கும் உடலின் ஏற்பாடே என 1988-இல் பெஞ்சமின் ஹார்ட் வாதிட்டார்.

விலங்குகள் மருந்தையும் நாடுகின்றன. 1987-இல் தான்சானியாவின் மஹாலே மலைப் பகுதியில் நோயுற்ற பெண் சிம்பன்சி ஒன்று கசப்பு மிக்க ஒரு செடியின் தண்டைச் சவைத்ததையும் பின்னர்த் தேறியதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். அதே செடியை அப்பகுதி மக்களும் மருந்தாகக் கொள்கின்றனர் என்பது கருதத்தக்கது. 2022-இல் சுமத்ராவில் ராக்குஸ் என்னும் ஒராங்குட்டான், ஒரு கொடியின் இலையை மென்று அதன் சாற்றைத் தன் முகக் காயத்தில் தடவி, பின் சக்கையையும் அப்பியது. ஐந்து நாட்களில் காயம் மூடிக்கொண்டது. அக்கொடி வலிக்கும் காய்ச்சலுக்கும் மனிதர் பயன்படுத்துவதாகும்.

ஆனால், கேள்வியால் வந்ததெல்லாம் உண்மையாகிவிடாது. பாம்பு கடித்த கீரி மூலிகை தின்று பிழைக்கிறது என்பர். உண்மையில், பாம்பின் நச்சு எளிதில் பற்றாதவாறு கீரியின் நரம்பு ஏற்பிகளே மாறுபட்டு அமைந்துள்ளன.

புத்தூர்க் கட்டினையும் இவ்வாறே பிரித்தறிய வேண்டும். தழைச் சாந்து, முட்டை வெண்கரு, மூங்கில் பட்டை, துணி ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. எலும்பு கூடுவதற்கு இன்றியமையாத அசைவின்மையை மூங்கிற் பட்டை அளிக்கிறது. தழைச் சாறு எதனைத் தருகிறது என்பதே ஆராய்ச்சிக்குரிய வினா. சிதறாத எளிய முறிவுக்கு இக்கட்டு துணை செய்யக்கூடும். எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவுக்கோ இடுப்பு எலும்பு முறிவுக்கோ அது ஏற்றதன்று. இவற்றுக்கு எக்ஸ்-கதிர்ப் படமும் அறுவை மருத்துவரும் தேவை. மற்றுமோர் இடர் விலங்கிற்கு இல்லாதது. காட்டு விலங்கின் காலை எவரும் இறுக்கிக் கட்டுவதில்லை. மனிதனின் கையில் கட்டு இறுகினால் குருதி ஓட்டம் தடைப்படும். சில மணி நேரத்திலேயே தசை அழியத் தொடங்கும். விரல் நுனி நீலமாகவோ குளிர்ந்தோ உணர்வற்றோ போகுமாயின், கட்டை உடனே தளர்த்தி, மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.