செம்பில் வெட்டிய ஊர்ப்பெயர்

நமுனுகுல என்னும் சிங்களச் சொல்லுக்கு ஒன்பது சிகரம் என்பது பொருள். பதுளைப் பட்டினத்துக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் அம்மலையைச் சுற்றி ஸ்பிரிங்வலி, கனவரல்லை முதலாய தேயிலைத் தோட்டங்கள் படிப்படியாக இறங்குகின்றன. அத்தோட்டங்களின் லயக் காம்பராக்களிலே, அடுப்பங்கரைப் பரணிலோ பழைய தகரப் பெட்டியின் அடியிலோ, ஒரு பித்தளைச் செம்பு கிடப்பதுண்டு. களிம்பேறி ஒடுங்கிப்போன அச்செம்பின் கழுத்தில் புள்ளி புள்ளியாகச் சில எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கும். புளியிட்டுத் துலக்கினால் அவை தெளிவாகும். நூலகத்திலும் கச்சேரியிலும் கிடையாத ஒரு குடும்பத்தின் வரலாறு, பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தம் பாட்டன் எவ்வூரினர் என்று ஒருவர் அறிய விரும்புவது இயல்பே. ஆயினும் மலையகத் தமிழரைப் பொறுத்தவரை அது வெறும் விருப்பமாக மாத்திரம் இருந்ததில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் தம் தந்தையும் இலங்கையிற் பிறந்தவரென்றோ, அன்றித் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களென்றோ காட்டினாலன்றி அவரைப் பரம்பரைப் பிரஜையாக ஏற்றுக்கொள்ளவில்லை. பூட்டனின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் எத்தனை வீடுகளில் இருக்கும்? கொழும்பிலே மாளிகை கட்டி வாழ்ந்தோருக்கும் அது எளிதன்று. லயத்தில் மருத்துவிச்சி கையிற் பிறந்து, எழுத்தறியாத பெற்றோரிடம் வளர்ந்தவர்களுக்கு அது இயலாத காரியமாயிற்று. மறு ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானோர் ஏழாண்டும் மணமாகாதோர் பத்தாண்டும் இடையறாது இத்தீவில் வாழ்ந்தமையைக் காட்டும்படி கேட்டது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் சார்பில் அனுப்பப்பட்டன. அவற்றின் பயனாக 1964 வரையில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஒரு துண்டுக் காகிதம் இல்லாமையால் ஒரு குடும்பம் நாடற்றதாகக்கூடும் என்பதை இம்மக்கள் பட்டறிந்தார்கள். செல்லாத காகிதத்தையும் துணியிற் சுற்றிப் பத்திரப்படுத்தும் பழக்கம் தோட்டங்களில் இன்றளவும் காணப்படுவதன் காரணம் இதுவேயாகும்.

இனி, தேடும் வழியைக் காண்போம். செம்பிலும் குடத்திலும் பெயர் வெட்டுவது தமிழகத்து வழக்கம். பெண்ணுக்குச் சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் கொடுப்பவர் பெயரையோ, கொள்பவர் பெயரையோ, சிலவேளைகளில் ஊர்ப்பெயரின் முதலெழுத்தையோ உளியாற் பொறித்துத் தருவர். நான்கு எழுத்துகளுள் முதலாவது ஊரைக் குறிப்பதாகவும், இரண்டாவது தந்தையைக் குறிப்பதாகவும் இருக்கலாம். சில பாத்திரங்களில் தமிழ் ஆண்டின் பெயரும் காணப்படும். அங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. பிரபவ முதல் அட்சய வரையுள்ள ஆண்டுகள் அறுபதுக்கொரு முறை திரும்பி வருவன. 'சுக்கில வருஷம்' என்று வெட்டியிருப்பின் அது 1869ஆகவும் இருக்கலாம், 1929ஆகவும் இருக்கலாம். 1989இலும் சுக்கில வந்தது. ஆனால் அக்காலத்துச் சீர்வரிசையிலே எவர்சில்வர் பித்தளையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எஞ்சிய இரண்டில் எது என்பதைப் பெயருக்குரியவரின் தலைமுறையைக் கொண்டே துணிய வேண்டும். அவர் இன்று எண்பது வயதான ஒருவரின் பாட்டனாரானால் 1929 என்பதே பொருந்தும்.

இதே சிக்கல் செவிவழிச் செய்தியிலும் உண்டு. 'தாது வருஷத்துப் பஞ்சத்தில் வந்தவர்கள்' என்று முதியோர் கூறக் கேட்கலாம். தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சமாகும். கஞ்சிக்கு வழியின்றி இலட்சக்கணக்கானோர் மடிந்த அக்காலத்தில் இலங்கைக்குக் கப்பலேறியவர் பலர். ஆயினும் தாது 1936இலும் வந்தது. தவிரவும், பஞ்சம் என்றாலே அதைத் தாது வருஷப் பஞ்சமென்று சொல்லும் வழக்கமும் நிலைத்துவிட்டது. ஆகவே இவ்வாறு கேட்ட மாத்திரத்திலே குறிப்பேட்டில் 1876 என எழுதிவிடலாகாது. வந்தவர் கோப்பித் தோட்டத்துக்கு வந்தாரா, தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாரா என வினவுதல் நன்று.

கோப்பிக்கும் தேயிலைக்கும் இடையிலான வேறுபாடு குடும்ப வரலாற்றிலே மிக முக்கியமானது. கோப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் ஆட்கள் வந்து, வேலை முடிந்ததும் தம் ஊர்களுக்குத் திரும்பினர். கோப்பியை அழித்த இலைநோய் 1869இல் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் தேயிலை வந்தது. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். அதனால் பெண்களும் பிள்ளைகளுமாகக் குடும்பங்கள் தோட்டங்களிலேயே தங்கின. கோப்பிக் காலத்துப் பாட்டனுக்கு இரு கரைகளிலும் வீடிருந்தது. தேயிலைக் காலத்துப் பேரனுக்கு லயமே வீடாயிற்று. பழைய சீர்ப்பாத்திரங்கள் கடல் கடந்து வந்து இங்கேயே தங்கிவிட்டதும் இக்காலத்திலேதான்.

அவர்கள் வந்த வழியும் தேடுவோர்க்கு உதவும். முந்தியவர்கள் தொண்டி, தேவிபட்டினம் முதலிய துறைகளிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை எனக் கால்நடையாக மலையேறினார்கள். வழியில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் இறந்தோரின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. 2023இல் மலையக மக்களின் இருநூற்றாண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு கூட்டத்தார் நடந்து சென்றது அவ்வழியை நினைவுகூர்வதற்கே. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே கப்பற் போக்குவரத்து இரயிலோடு இணைந்தது. 1924இல் இரயில் பதுளையை எட்டியது. பிந்தி வந்தவர்கள் மண்டபம் முகாமிலே தங்கி, மருத்துவர் பார்வைக்குட்பட்ட பின்னரே கடல் கடந்தனர். அவர்கள் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கவிடப்பட்டிருந்தது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் எண்ணும் அதிலே பொறிக்கப்பட்டிருந்தன. மனிதரைப் பொதிபோல முகவரியிட்டு அனுப்பிய அந்த வில்லை எங்கேனும் ஒரு வீட்டில் எஞ்சியிருப்பின், அதனினும் உறுதியான சான்று வேறில்லை.

கங்காணிமார் காலத்து 'துண்டு' என்பது வேறு. ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் தொழிலாளியின் கடன் தொகையைக் குறித்துத் துரை கொடுத்த சீட்டு அது. 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கடனைச் சுமந்து திரிந்த காகிதமாயினும், குடும்பம் எந்தத் தோட்டத்திலிருந்து எந்தத் தோட்டத்துக்குப் பெயர்ந்தது என்பதை அது சொல்லிவிடும்.

ஊர்ப்பெயர் கிடைத்தவுடன் தேடல் முடிந்துவிட்டதென மகிழ்வோர் பலர் ஏமாந்ததுண்டு. புதுப்பட்டி இல்லாத தாலுகா தமிழ்நாட்டில் அரிது. போதாக்குறைக்கு மாவட்டங்களும் மாறிவிட்டன. புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். 1974இல் தனி மாவட்டம். பழைய திருச்சி ஜில்லாவிலிருந்து 1995இல் பெரம்பலூர் பிரிந்தது. சேலத்திலிருந்து 1997இல் நாமக்கல் பிரிந்தது. ஆகவே 'திருச்சி ஜில்லா' என்று ஒரு பழைய கடிதம் கூறுமாயின், இன்றைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் மட்டும் தேடுவது வீண்வேலை. கடித உறையில் உள்ள தபால் முத்திரை இவ்விடத்துக் கைகொடுக்கும். எழுதியவர் ஊர்ப்பெயரைக் குறிக்க மறந்திருப்பினும், அதை அனுப்பிய தபாற்கந்தோரின் பெயரும் தேதியும் முத்திரையில் இருக்கும். அஞ்சல் தலை அழகாயிருக்கிறதென்று உறையைக் கத்தரித்துவிடும் சிறுவர்கள், அதனோடு ஊரையும் கத்தரித்துவிடுகிறார்கள்.

காகிதமும் பாத்திரமும் இல்லாத வீடுகளில் பாட்டிமாரே ஏடு. அவர்களிடம் 'எந்த ஊர்?' என்று கேட்டால், 'ஊர்ப்பக்கந்தான்' என்னும் விடையே கிடைக்கும். கேட்கும் முறையை மாற்ற வேண்டும். உங்கள் தாயார் எந்தச் சந்தைக்குப் போனதாகச் சொல்வார்? ஆறு பக்கத்திலிருந்ததா, ஏரி இருந்ததா? பிள்ளைக்கு முடியிறக்கிக் காது குத்தியது எந்தக் கோயிலில்? கடைசிக் கேள்வியே பெரும்பாலும் கதவைத் திறக்கும். குலதெய்வத்தின் பெயரைப் பல தலைமுறை கழிந்தும் எவரும் மறப்பதில்லை. பெரியண்ணன், பெரியக்காள் என்ற பெயர்கள் ஒரு குடும்பத்திலே திரும்பத் திரும்ப வருமாயின் முசிறி, நாமக்கல் பக்கத்தையும், செல்லாண்டி என வருமாயின் கொங்கு நாட்டையும், ஒச்சாயி, பேச்சி என வருமாயின் மதுரைப் பக்கத்தையும் முதலில் நாடலாம். இவை குறிப்புகளே; முடிந்த முடிபுகள் அல்ல. பாட்டன் பெயரைத் தாங்குவதனாலேயே பேரன் 'பெயரன்' ஆனான். ஆதலால் தோட்டத்துப் பதிவேட்டில் ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறைகளில் வருவதைக் கண்டு இருவரையும் ஒருவராக எண்ணிவிடும் தவறும் நேர்வதுண்டு.

குலதெய்வக் கோயிலைக் கண்டடைந்தால் அங்கே இன்னொரு வாயில் உண்டு. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் பங்காளிகள், எந்தெந்தக் குடும்பம் வரி கொடுத்தது, எது கொடாமல் நின்றது என்பதை நினைவில் வைத்திருப்பார்கள். கண்டிச் சீமைக்குப் போனவரின் வரி நின்றுபோன கதை அங்கே சொல்லப்படலாம். உறவினர் என்று கூறி வருவோரை நிலத்தில் பங்கு கேட்க வந்தவரோ என ஐயுறுவோரும் உளர். அதனால் முதற் சந்திப்பிலேயே பத்திரத்தையும் பட்டாவையும் பற்றி வினவாதிருத்தல் உத்தமம்.

தோட்டத்திலும் தேட வேண்டியவை உள. மாரியம்மன் கோயில் மணியிலும் வாயிற்படியிலும் 'உபயம்' என்ற சொல்லை அடுத்துப் பெரிய கங்காணியின் பெயரும் அவருடைய சொந்த ஊரும் காணப்படும். அக்கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே ஆள்கட்டி வந்தவராதலால், அவர் ஊருக்கு அருகே அவர் பெரட்டிலே நின்ற குடும்பங்களின் ஊர்களும் இருக்கக்கூடும். கோயிலுக்கு வர்ணம் பூசுங்காலத்து இவ்வெழுத்துகள் மறைந்துபோவது வருந்தத்தக்கது. அலுவலகத்துச் செக்ரோல் ஏடுகளின் நிலையும் நன்றாயில்லை. 1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பெனிகளுக்குச் சென்றது. அவற்றுள் ஒன்று நமுனுகுலவின் பெயரையே பூண்டது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய ஏடுகள் இடம் பெயர்ந்தன. சில கறையானுக்கு இரையாயின. கம்பளையை அடுத்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் எஞ்சியவை பேணப்படுகின்றன.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியவரெனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் செய்த உடன்படிக்கை சரிபாதியாக்கியது. அண்ணன் ஒரு பட்டியலிலும் தம்பி மற்றொரு பட்டியலிலும் இடம்பெற்ற குடும்பங்கள் பல. அவர்களைத் தலைமன்னாருக்குச் சுமந்து சென்ற இரயிலுக்கு மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' எனப் பெயரிட்டனர். போனவர்களுட் பலர் பாட்டனின் பட்டியை அடையவில்லை. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்து அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்துக் கூடையையே சுமந்தனர். இலங்கையில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே முழுமையான வழியைத் திறந்தது.

இப்போது தேடல் எதிர்த்திசையிலும் நடைபெறுகிறது. கோத்தகிரியில் வளர்ந்த ஒரு பேத்திக்குச் சொந்த ஊர் என்பது முசிறியன்று. பதுளைப் பக்கத்து ஒரு தோட்டம். அவள் கையிலுள்ள பழைய கடவுச்சீட்டிலும், தாயகம் திரும்பியோர்க்கு வழங்கிய குடும்ப அட்டையிலும் தோட்டத்தின் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். பாட்டியோ அதைத் தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயராலேயே சொல்லியிருப்பாள். இரண்டையும் பொருத்திப் பார்த்த பின்னரே கடிதம் எழுதுதல் வேண்டும். தோட்டத்தின் பெயர் ஒன்று மாத்திரம் போதாது. மேற்கணக்கா, கீழ்க்கணக்கா, எந்தக் கங்காணியின் பெரட்டு, எத்தனையாவது லயம், பிள்ளைக்காம்பராவுக்கு அண்மையிலா, கோயிலுக்கு அண்மையிலா என்பன எழுதப்பட்டிருப்பின், அங்கிருக்கும் முதியவர் ஒருவர் லயத்து வாசலில் நின்றபடியே அந்தக் காம்பராவைச் சுட்டிக்காட்டிவிடுவார்.