சுவரேறிய போர்வைகள்



உழைத்து நைந்த உடுப்பொன்று நம் வீட்டில் கரித்துணியாகும். அதுவும் கிழிந்தால் குப்பைக்குப் போகும். அத்தகைய துணிகளே பெரும் அருங்காட்சியகங்களின் சுவர்களில் இடம்பெற்ற வரலாற்றைச் சற்றே கேளுங்கள்.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மூன்று புறமும் ஆறு சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூர் உள்ளது. பருத்தித் தோட்ட அடிமைகளின் வழிவந்த கறுப்பின மக்கள் அங்கு வாழ்கின்றனர். 1962இல், வாக்குரிமைக்காக அவர்கள் போராடிய நாள்களில், ஆற்றைக் கடக்கும் படகு நிறுத்தப்பட்டது. மீண்டும் அது ஓடியது 2006இல்தான். இத்தகைய வறுமையிலும் தனிமையிலும், குளிரைத் தாங்குவதற்காக அவ்வூர்ப் பெண்கள் பழந்துணிகளை இணைத்துப் போர்வைகள் தைத்தனர்.

2002இல் அப்போர்வைகள் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி 1942இல் தைத்தது. கணவர் இறந்தபின் அவருடைய வேலை உடுப்புகளைப் பிரித்து, மகளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதைத் தைத்தார். மறைந்தவரின் நினைவாகப் போர்த்திக்கொள்வதே அவர் நோக்கம்.

இத்தகைய கண்காட்சிக்குச் செல்ல வாய்த்தால், முதலில் தொலைவில் நின்று நிறங்களின் அமைப்பைப் பாருங்கள். பிறகு அருகில் செல்லுங்கள்; கையால் தொடாதீர்கள். முழங்கால் பட்ட இடம் தேய்ந்திருக்கும். சட்டைப்பை பிரிக்கப்பட்ட இடத்தில் மட்டும் வெளுக்காத பழைய நீலம் தெரியும். உழைத்தவரின் உடல் அத்துணியில் பதிந்திருப்பதை உணர்வீர்கள்.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அதே விட்னியில் 1971இலும் ஒரு போர்வைக் கண்காட்சி நடைபெற்றது. அன்று வடிவங்கள் பாராட்டப்பட்டன. தைத்த பெண்களின் பெயர்களோ பெரும்பாலும் அறியப்படவில்லை. ஜீஸ் பெண்ட் போர்வைகள் தைத்தவர்களின் பெயரோடு உலகின் முன் வந்தன. இந்த வேறுபாடு சிறிதன்று. பெயர் இல்லையேல், ஒருத்தியின் உழைப்பு வெறும் துணியாகவே எஞ்சும்.

நம் வீட்டுப் பெட்டிகளிலும் உம்மாவும் பாட்டியும் தைத்த தொட்டில் துணியோ, பூவேலை செய்த தலையணை உறையோ இருக்கக்கூடும். அதை எடுத்து வெயிலில் உலர்த்துங்கள். யார் தைத்தது, எந்தப் பிள்ளை பிறந்தபோது தைத்தது என்று மூத்தோரிடம் கேட்டறியுங்கள். பிறகு துணியின் ஓர் ஓரத்தில் அவர் பெயரையும் ஆண்டையும் நூலால் தைத்து வையுங்கள். சொல்வதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.