கல்லாற்றில் பல் வலித்தால்

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் பொன்முடி மலைக்குப் போகிறவர்களுக்குக் கல்லாறு வழியில் வரும் ஒரு நிறுத்தம், அவ்வளவுதான். விதுராவைத் தாண்டி வந்து, கோல்டன் வேலியில் உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஓடும் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு, 22 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி மேகம் பார்க்கப் போய்விடுவார்கள். வாமனபுரம் ஆறு உருவாகி வரும் மலையடிவாரம் இது. சுற்றுவட்டாரக் காட்டில் காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அகத்தியர்கூடத்துக்கு ஏறும் வழியில் உள்ள போணக்காட்டில், தேயிலைத் தோட்டம் நொடித்துக் கூலி நின்றுபோன பிறகும், தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் பழைய லயங்களிலேயே தங்கிவிட்டன. பச்சிலை மருத்துவத்துக்காக 2018ல் பத்மஸ்ரீ பெற்ற லட்சுமிக்குட்டி அம்மா கல்லாற்றுக்காரர். விஷக்கடிக்கு மருந்து தேடி வெளியூர்க்காரர்கள் அவர் வீட்டுக்கு வருகிறார்கள். விருது கிடைத்தபோது, அந்த வீட்டுக்கு வண்டி போக வழியில்லை என்பதையும் பத்திரிகைகள் எழுதின.

இந்த ஊரில் ஒருவருக்கு ராத்திரி பத்து மணிக்குக் கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

பல்வலி பகலில் பொறுத்துக்கொள்ளும்படி இருந்து, படுத்ததும் உயிரை எடுப்பதற்குக் காரணம் உண்டு. உடம்பில் வேறு எங்கே புண்பட்டாலும் அந்த இடம் வீங்கி வலிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் கெட்டியான சுவருக்குள் அடைபட்டவை, வீங்க இடமில்லை. தலை தாழ்ந்தால் அங்கே ரத்தம் கூடும், அழுத்தம் ஏறும், ஒவ்வொரு நாடித்துடிப்பும் தாடையில் குத்தும். கிராம்பு எண்ணெய் நனைத்த பஞ்சு கொஞ்ச நேரம் மரத்துப்போகச் செய்யும். அதற்குமேல் வீட்டில் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு பொதுவாகப் பகல் ஓ.பி. நேரத்துக்குள் முடிந்துவிடும். ராத்திரி கேஷுவாலிட்டிக்குப் போனால் அங்கிருக்கும் டியூட்டி டாக்டர் வலிக்கு ஓர் ஊசி போட்டு, ஆன்டிபயாட்டிக்கும் வலி மாத்திரையும் எழுதிக்கொடுத்து, காலையில் பல் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. விபத்தில் அடிபட்டவரும் நெஞ்சுவலிக்காரரும் காத்திருக்கும் அறையில் பல் நாற்காலி இல்லை, பல் எக்ஸ்ரே இல்லை, பல்லைத் தொடப் பயிற்சி பெற்ற கையும் இல்லை. ஆனால் மாத்திரை பல்லைக் குணப்படுத்தாது. செத்துக்கொண்டிருக்கும் நரம்பை எடுக்க வேண்டும், அல்லது பல்லையே எடுக்க வேண்டும், சீழ் கட்டியிருந்தால் வடித்துவிட வேண்டும். இந்த மூன்றும் கையால் செய்கிற வேலை.

மாத்திரை தரும் நிம்மதியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சில நாளில் நரம்பு முழுதாகச் செத்துவிட்டால் வலி தானாகவே நின்றுவிடும். தப்பித்தோம் என்று மனிதர் வேலைக்குப் போய்விடுவார். கிருமியோ வேர் நுனி வழியாக எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். சில வாரமோ சில மாதமோ கழித்துத் தாடை வீங்கும்போதுதான் இது தெரியவரும். கீழ்க் கடைவாய்ப் பல்லின் சீழ் நாக்குக்கு அடியிலும் தாடைக்குக் கீழும் பரவினால் அதற்கு லுட்விக் ஆஞ்சைனா என்று பெயர், 1836ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயரால். நாக்கை மேலே தள்ளி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். தாடைக்குக் கீழே இருபுறமும் கல்போல வீக்கம், வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, காய்ச்சல், குரல் மாற்றம்: இவற்றில் எது தெரிந்தாலும் பல் ஓ.பி. திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. 108ஐக் கூப்பிட்டுப் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நேராகப் போக வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு இது இன்னும் வேகமாக முற்றும். 2007ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு 12 வயதுப் பையன், பிடுங்காமல் விட்ட ஒரு சொத்தைப் பல்லின் கிருமி மூளைக்கு ஏறி இறந்துபோனான். பிடுங்கியிருந்தால் 80 டாலர் செலவாகியிருக்கும் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள்.

நம் காப்பீட்டுத் திட்டங்களின் கணக்கும் இதே வகைதான். ஆயுஷ்மான் பாரத்தின் பி.எம்.ஜெ.ஏ.ஒய். அட்டையாகட்டும், 2019 முதல் கேரளத்தில் அதோடு இணைந்து நடக்கும் காருண்யா ஆரோக்கியப் பாதுகாப்புத் திட்டமாகட்டும், மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானவை. சொத்தை அடைப்பதும் வேர் சிகிச்சையும் பி.எம்.ஜெ.ஏ.ஒய். விலக்குப் பட்டியலிலேயே பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்தப் பல்லின் சீழ் கழுத்துக்கு இறங்கி, மூச்சு முட்டி, அட்மிட் ஆனால் அப்போது காப்பீட்டுக்கு வழி உண்டு. சில நூறு ரூபாயில் முடிகிற காரியத்துக்குக் கை கொடுக்காமல், உயிருக்கு ஆபத்து வந்தபின் ஆயிரக்கணக்கில் கொடுக்கும் ஏற்பாடு இது. நோயாளிக்கும் நஷ்டம், அரசாங்கத்துக்கும் நஷ்டம். ஏன் இது இன்னும் மாற்றப்படவில்லை என்பதற்கு எனக்குச் சமாதானமான பதில் கிடைக்கவில்லை.

சரி, விடிந்துவிட்டது. முதல் பஸ் பிடித்து விதுரா, அங்கே முடியாவிட்டால் நெடுமங்காடு, அதற்கும் மேலே என்றால் நாற்பது கிலோமீட்டருக்கும் அப்பால் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்திலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1959ல் தொடங்கிய இதுதான் கேரளத்தின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. அங்கே கிடைக்கும் சிகிச்சையின் தரத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, சிக்கலான வேலைக்குத் தனியார் டாக்டர்களே அனுப்பிவைக்கும் இடம். ஆனால் பல் மருத்துவக் கல்லூரி என்பது முதலில் பாடம் நடக்கிற இடம். ஓ.பி. சீட்டு, முதல் பரிசோதனை, எக்ஸ்ரே, பிறகு எந்தத் துறையோ அந்தத் துறை. வேர் சிகிச்சை என்றால் இரண்டு மூன்று தடவை வர வேண்டும், அதற்கும் தேதி கொடுப்பார்கள். நகரத்தில் இருப்பவருக்கு அது அரைநாள் லீவு. கல்லாற்றிலிருந்து வருகிறவருக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு முழுநாள் கூலி, பஸ் கட்டணம், துணைக்கு வருகிறவரின் கூலி.

அதனால் காப்பாற்றக்கூடிய பல்லையும், பிடுங்கிவிடுங்கள் சார் என்று அவர்களே கேட்கிறார்கள். ஒரே நாளில் முடியும், திரும்ப வர வேண்டாம். முப்பது வயதில் இப்படி ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் நீளும், மெல்லுவது ஒரே பக்கமாகும், அந்தப் பக்கமும் சீக்கிரம் தேயும். அறுபதைத் தாண்டிய ஏழைகளுக்கு ‘மந்தஹாசம்’ திட்டத்தில் கேரள அரசு இலவசமாகப் பல்செட் தருகிறது. நல்ல திட்டம், அதனால் சோறு மென்று சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பற்களில் பலவற்றை முப்பது வருடம் முன்பே காப்பாற்றியிருக்கலாம் என்பதுதான் நெஞ்சைத் தைக்கிறது.

டாக்டர்களுக்குப் பஞ்சமா? இல்லவே இல்லை. நாட்டில் 300க்கு மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. கேரளத்தில் மட்டும் அரசுக் கல்லூரிகள் ஆறு. படித்து வெளியே வருகிறவர்கள் நகரத்தின் ஒரே தெருவில் கிளினிக் மேல் கிளினிக்காகத் திறந்து நோயாளிக்குக் காத்திருக்கிறார்கள். அரசுப் பணியிடங்கள் குறைவு என்பதுதான் இதன் முடிச்சு.

பணக்கார நாடுகளும் இதில் தேறவில்லை. பிரிட்டனில் 1948ல் தேசிய சுகாதாரச் சேவை பல்லையும் சேர்த்துத்தான் தொடங்கியது. மூன்றே ஆண்டில் பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் என்று முடிவானபோது, அந்தச் சேவையைக் கட்டியெழுப்பிய அனைரின் பெவன் அமைச்சர் பதவியைத் துறந்தார். 2024 பிப்ரவரியில் பிரிஸ்டலில் ஒரு பல் மருத்துவமனை புதிதாக நோயாளிகளைச் சேர்க்கிறது என்றதும் நூற்றுக்கணக்கானவர்கள் தெருவில் வரிசை கட்டினார்கள். இன்னொரு பக்கம், நியூசிலாந்து 1921லேயே பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்க்கத் தனியாக நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. இலங்கையும் அந்த வழியைப் பின்பற்றியது. மகரகமவில் பயிற்சி பெற்ற பல் சிகிச்சையாளர்கள் பள்ளிகளில் வேலை செய்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருவனந்தபுரம் மாவட்டமே உலகத்துக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறது. 1996ல் இங்கே 13 பஞ்சாயத்துகளில் வாய்ப் புற்றுநோய் ஆய்வு ஒன்று தொடங்கியது. அவற்றில் ஏழு பஞ்சாயத்துகளில் டாக்டர் அல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடுவீடாக அனுப்பினார்கள். 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைத் திறக்கச் சொல்லி, வெளிச்சத்தில் கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு என்று கண்ணால் பார்த்தார்கள். சந்தேகப்படும்படி இருந்தவர்களை டாக்டரிடம் அனுப்பினார்கள். மூன்று சுற்று முடிந்து 2005ல் ‘லான்செட்’ இதழில் முடிவு வந்தது: புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. இவ்வளவுக்கும் நடந்தது திறந்த வாயைப் பயிற்சி பெற்ற கண் பார்த்ததும், பார்த்ததை உரியவரிடம் சேர்த்ததும்தான்.

புற்றுநோய்க்குச் செய்ததைச் சொத்தைக்கும் செய்யலாம். ஆஷா பணியாளர்கள் கேரளத்தின் வீடுகளுக்கெல்லாம் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறது. அந்த வாசலில் வாயையும் ஒரு நிமிடம் பார்க்கலாம். சொத்தை சின்னதாக இருக்கும்போதே நிறுத்த மின்சாரமும் டிரில்லும் தேவையில்லாத முறைகள் இருக்கின்றன. கைக்கருவியால் சுரண்டி எடுத்து கிளாஸ் அயனோமர் வைத்து அடைப்பது ஒன்று, சில்வர் டயமைன் ஃபுளோரைடு தடவுவது இன்னொன்று. இரண்டு பொருளையும் உலக சுகாதார நிறுவனம் 2021ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. மலைப் பள்ளிக்கூடத்திலும் லயத்துத் திண்ணையிலும் பயன்படுத்தக்கூடியவை இவை.

சொத்தை முற்றியவர்களுக்கு, மலையடிவாரத்துக்கு மிக அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ராத்திரியிலும் ஒரு பல் நாற்காலி வேலை செய்ய வேண்டும். மரப்பு ஊசி போட, சீழ் வடிக்க, நரம்பை எடுத்துத் தற்காலிகமாக அடைக்க, முடியாதபோது பிடுங்க ஓர் இளம் பல் டாக்டர் போதும். வேர் சிகிச்சையின் மீதியை ஊருக்கு அருகிலேயே, சந்தை நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ வைத்துக்கொடுத்தால் கூலி போகாது. தாடை வீங்கி வந்தவருக்கு அந்த டாக்டர் எழுதித்தரும் கடிதத்தோடு, பல் கல்லூரியின் அறுவைப் பிரிவுக்கு முதல் பரிசோதனை வரிசையில் நிற்காமல் நேராகப் போக அனுமதி வேண்டும். இதற்குப் புதுக் கட்டடம் தேவையில்லை. ஓர் அரசாணையும் சில பணியிடங்களும் போதும், கேட்பதற்கு உள்ளூர் பஞ்சாயத்தின் கிராமசபை இருக்கிறது.